கம்ப்யூட்டர் பார்க்கும் நாள்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரும் பழக்கம் கிடையாது. ஆபீஸில் என் நாற்காலி மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் புதுசாக இருக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். ஒரு வேலை முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தால் போதும், மாடிக்கும் கீழுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன். டீ ஆறிப்போகும். போனில் பேசிக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று திரும்பிப் போவேன். அந்த வருஷம் நான் நடந்த நடையெல்லாம் ஒரு போர்ட்டலுக்காக.

நாங்கள் பால் கம்பெனி. திருவண்ணாமலை டவுனில் தலைமை அலுவலகம்; சுற்றியிருக்கும் கிராமங்களில் பால் வாங்கிக் குளிரவைக்கும் சென்டர்கள். நிர்வாகப் பிரிவு என் பொறுப்பு. கம்ப்யூட்டர் என்று எதில் பெயர் வந்தாலும் அதுவும் என் தலையில்தான். கம்பெனிக்குள் மட்டும் திறக்கிற தளம் ஒன்று எங்களுக்கு இருந்தது. அடுத்த மாத ஷிஃப்ட், லீவு, சம்பளச் சீட்டு, சுற்றறிக்கை எல்லாம் அதில்தான் வரும். நாங்கள் அதைப் போர்ட்டல் என்போம். சென்டர் ஆட்கள் வெறுமனே கம்ப்யூட்டர் என்பார்கள். மாடி ஹாலின் மூலையில் இருந்த இரண்டு மெஷின்களில் மட்டும் அது திறக்கும். சென்டர் ஊழியர் ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு நாள் பஸ் பிடித்து வந்து, தன் ஷிஃப்டைப் பார்த்து, சம்மதம் என்று ஒரு பட்டனைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் பார்க்கும் நாள் என்று பெயர்.

ஏன் இப்படி என்றால், எங்கள் முதலாளியின் பயம். வெளியே திறந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் நம்முடைய கொள்முதல் விலையைப் பார்த்துவிடுவான் என்பார். டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன்கூட அவருக்குப் போட்டிக் கம்பெனி ஆள்தான். பௌர்ணமி அன்று கம்ப்யூட்டர் பார்க்கும் நாள் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் படும் பாட்டை நான் கண்ணால் பார்த்தவள். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மலை சுற்றுகிற கூட்டத்துக்கு எதிராக நடந்து, வியர்த்து வந்து, ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, சாயங்காலப் பாலுக்குத் திரும்பி ஓடுவார்கள். இதைப் போனில் கொடுத்தால் என்ன என்று நான் கேட்காத கூட்டம் இல்லை. முதலாளி காதில் வாங்கியதே இல்லை. ஒரு நாள் அவருடைய மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, தன் கம்பெனியில் எல்லாமே போனில்தான் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, நாம இன்னும் அந்த மூலைலயே ஒக்காந்துனு இருக்கோம்? சீக்கிரம் போன்ல குடு."

மாப்பிள்ளை ஒரு வேளை சாப்பாட்டில் சாதித்ததை நான் இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியும் சாதிக்கவில்லை. கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அன்றைக்கே சென்டர் சென்டராகக் கிளம்பிவிட்டேன்.

திட்டம் போடுவது என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போடுவது என்று சென்னையிலிருந்து வந்த சாப்ட்வேர் ஆள் நினைத்திருந்தார். நான் அவரையும் இழுத்துக்கொண்டு அலைந்தேன். யாரிடம் என்ன போன் இருக்கிறது, சிக்னல் எங்கே கிடைக்கிறது, கம்பெனியில் கொடுத்திருக்கும் நம்பர் யாருடையது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். நம்பர் விஷயம்தான் எங்களைப் படுத்தியது. பாதிப் பெண்கள் கொடுத்திருந்தது வீட்டுக்காரர் நம்பர். ஒருவர் கொடுத்திருந்தது காலேஜ் படிக்கும் மகனுடையது. உள்ளே நுழைவதற்கான ஓடிபி அந்தப் பையனுக்குப் போனால், அவன் வகுப்பில் இருந்தால், அம்மா எப்படி ஷிஃப்ட் பார்ப்பார்? இன்னொருவர் போனில் இடமே இல்லை. காலை வணக்கம் சொல்லும் பூப்படங்கள் தொண்டை வரை அடைத்திருந்தன. அதை அழிக்கச் சொன்னால் முகம் வாடிவிட்டது.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. கேன் தூக்கும் அண்ணன் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"லீவு இல்லன்னு இப்போ மெதுவாத்தான் தெரியுது மேடம். அதுக்குள்ள நான் போயிட்டு வந்துடறேன். போன்ல வந்தா அன்னைக்கே தெரிஞ்சிடும்ல?"

இப்படி முணுமுணுத்தவர்களையும் சேர்த்து எல்லோரும் கடைசியில் சரி என்றார்கள். ஒருவரைத் தவிர.

அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே போகிற ரோட்டில் எங்கள் சென்டர் ஒன்று இருக்கிறது. அங்கே பாலில் கொழுப்பு எவ்வளவு என்று டெஸ்ட் செய்கிற அக்கா அவர். என்னைவிடச் சில வயது பெரியவர். வீடு சென்டருக்கு எதிர்ப்பக்கம். ரோட்டைத் தாண்டினால் வேலை, மறுபடி தாண்டினால் வீடு. நல்ல போன் வைத்திருந்தார். சிக்னல் முழுசாக இருந்தது. நம்பரும் அவருடையதே. சாப்ட்வேர் ஆள் சந்தோஷத்தில், முதல் சோதனையை இவரிடமே செய்துவிடலாம் என்றார்.

"எனக்கு வாணாம் மேடம். நான் வந்தே பாத்துக்கறேன்," என்றார் அக்கா.

"ஏங்க்கா? அவ்ளோ தூரம் வர வேண்டியதில்லையே."

"போன்ல கண்ணு சரியா தெரிய மாட்டுது."

அப்போது அவர் கையில் டெஸ்ட் குழாய் இருந்தது. அதிலிருக்கும் மயிரிழைக் கோடுகளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அளவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"அந்தக் கோடு தெரியுது, இது தெரியலியா? சொல்ற பொய்யைக் கொஞ்சம் பொருத்தமா சொல்லுங்கக்கா."

அவர் சிரித்தார். அடுத்த கேனைத் திறக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். இவர்களுக்காகத்தானே நாய் படாத பாடு படுகிறோம், வேண்டாம் என்கிறார்களே என்று. சாப்ட்வேர் ஆள் பாவம், ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்து அந்த அக்கா கம்ப்யூட்டர் பார்க்க வந்த நாளில் அவரை விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். மெஷினில் அவர் வேலை சட்டென்று முடிந்துவிட்டது. நான் ஒரு போனைப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். பஸ்ஸுக்குப் போயிருப்பார் என்று கீழே ஓடினேன். கீழ் வராந்தாவில், காலி கேன்கள் அடுக்கியிருக்கும் பக்கம், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு இளம்பெண். அக்காவின் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பெண் சாப்பிட, அக்கா அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

"ஒக்காருங்க, ஒக்காருங்க," என்று நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா முந்தானையை இழுத்துக் குழந்தைக்குப் போர்த்தினார். பிறகு சொன்னார்.

"இது என் பொண்ணு மேடம்."

பெண் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். அவன் ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட்ஹவுஸில் வேலை பார்க்கிறான். செங்கம் ரோட்டில் ஒரு ரூம் எடுத்துக் குடியிருக்கிறார்கள். அக்காவின் வீடு கூட்டுக் குடும்பம். நிலம் இன்னும் பிரியவில்லை. வீட்டுக்காரரின் அண்ணன் வைத்ததுதான் சட்டம். இனி அவள் பேச்சு இந்த வீட்டில் எழக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார், அதோடு எழவில்லை.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அவரு இன்னா சொல்வாரு. அண்ணன் பேசினா இவரு தலைய குனிஞ்சிக்குவாரு. அன்னைக்கும் குனிஞ்சிக்கினாரு."

டவுனுக்கு என்று கிளம்பினால் வீட்டில் யாராவது ஒருவர் கூட வருவார்கள். துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, கோவிலுக்கு, எதற்கானாலும் பின்னாலேயே ஒரு பைக். ஆபீஸுக்கு மட்டும் யாரும் கூட வருவதில்லை. கம்பெனி விஷயம், அதில் நமக்கென்ன என்று விட்டிருந்தார்கள். பெண் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அக்கா அவளைப் பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கும் நாளில்தான். குழந்தையைத் தூக்கியதும் இந்த வராந்தாவில்தான்.

எனக்கு எரிச்சல் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

"வேற எதுனா காரணம் சொல்லிட்டு வாங்களேன்கா. ஆபீஸ்ல மீட்டிங்குன்னு சொல்லுங்க. யாராவது என்னைக் கேட்டா ஆமான்னு சொல்றேன்."

"எனக்குப் பொய் சொல்ல வராது மேடம். நீங்களே அன்னைக்குப் பாத்தீங்களே." அவர் குழந்தையின் தலையைச் சரியாக வைத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர் பாக்கப் போறேன்னு சொல்றேன், வந்து பாக்கறேன். அதனாலதான் என்னால கிளம்பி வர முடியுது. இல்லாத வேலைய சொல்லிட்டு அந்த வூட்டு வாசப்படிய தாண்ட மாட்டேன், கால் நடுங்கிடும்."

"போன்ல முகம் பாத்துப் பேசலாமே?"

"என் போனுக்கு ரீசார்ஜ் பண்றது எங்க மூத்தார் பையன். யாருக்குப் பேசினேன்னு பாத்துடுவான்." மடியில் இருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, "போன்ல தூக்க முடியாது மேடம்," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. மாடியேறுவேன், முதலாளி அறை வாசல் வரை போவேன், திரும்புவேன். நூற்றுக்கு மேல் ஆட்கள் பஸ்ஸில் இடிபடாமல் வீட்டிலிருந்தே ஷிஃப்ட் பார்க்கப் போகிறார்கள். அது நல்லதுதான், அதற்காகத்தான் இத்தனை நாள் சண்டை போட்டேன். அந்த நல்லது நடக்கிற அன்று ஒரு அம்மா தன் மகளைப் பார்ப்பது நின்றுபோகும். அதையும் நான்தான் செய்யப் போகிறேன். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்கவே முடியவில்லை. ஒன்றை நினைக்கும்போது மற்றொன்று வந்து பிடுங்கியது. வீட்டில் சாம்பாருக்கு உப்பு இரண்டு முறை போட்டேன். பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.

முடிவு எடுக்கும் கூட்டத்தில், டெஸ்ட் செய்கிறவர்களுக்கு மட்டும் பழைய முறையே இருக்கட்டும் என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா?" என்றார் முதலாளி.

"அவங்க கையிலதான் கொழுப்பு அளவு, விலை விவரமெல்லாம் இருக்குதுங்க சார். போன்ல போனா போட்டிக் கம்பெனிக்காரன்..."

அவருடைய பயத்தை எடுத்து அவர் மேலேயே வீசினேன். பலிக்கும் என்றுதான் நினைத்தேன். சாப்ட்வேர் ஆள் குறுக்கே வந்தார். போனில் ஷிஃப்டும் லீவும் சம்பளச் சீட்டும் மட்டும்தான் தெரியும், விலை தெரியாது, மேடம் முதல் நாளே அப்படித்தான் பிரிக்கச் சொன்னார்கள் என்றார். நான் சொன்னதுதான். என் வாயை நானே அடைத்து வைத்திருந்தேன்.

"போன்ல குடு குடுன்னு என் உயிர எடுத்தது நீதானம்மா. இப்ப பாதிய இங்கயே வெக்கணும்ங்கற. எல்லாருக்கும் குடுத்துடு," என்று முதலாளி எழுந்துவிட்டார்.

தோற்றுப்போய் வெளியே வந்தேன். அன்று எத்தனை முறை மாடியேறி இறங்கினேனோ, வாட்ச்மேன் என்னிடம் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு சோதனை தொடங்கியது. தினமும் ஒரு தலைவலி. எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தவர்கள் போனில் சம்மதப் பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. ஒருவர் லீவு கேட்கப் போய்த் தன் ஷிஃப்டையே அழித்துவிட்டார். போனில் அழைத்துக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: "வேலை செய்ய மாட்டுது மேடம்." எது, எங்கே, எப்படி என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சாப்ட்வேர் ஆள் நொந்துபோய்ச் சொன்னார்.

"மேடம், சென்டர்ல வேலை செய்யறவங்கள்ல ஒருத்தர், நாலு பேர்கிட்ட விசாரிச்சி, மாசாமாசம் இங்க வந்து என் பக்கத்துல ஒக்காந்து காட்டினாங்கன்னா போதும். நான் எல்லாத்தையும் சரி பண்ணிடுவேன்."

படியில் பாதி ஏறியிருந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு நேராக முதலாளி அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தேன். அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொல்லி, அந்த அக்கா பெயரைச் சொன்னேன்.

"அந்தம்மாவா? அவங்கதான் போனே வாணாம்னாங்களாமே."

"வாணாம்னு சொல்றவங்கதான் சார் குத்தம் கண்டுபிடிப்பாங்க. புடிச்சிருக்குன்னு சொல்றவங்க எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க."

அவருக்கு அது பிடித்திருந்தது. சரி என்றார். அக்காவுக்கு நானே போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நெஜமாவே வேலை இருக்குமா மேடம்?"

"இருக்கும்கா. நீங்க கொண்டு வர்ற குறைக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லணும். என்னை நல்லா திட்டலாம்."

இருந்தது. அக்கா மாதம் தவறாமல் வந்தார். நான்கைந்து சென்டர்களின் புகார்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். சாப்ட்வேர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதோ இங்கே தட்டினால் இப்படி ஆகிறது என்று காட்டினார். அவர் சொல்லித்தான் பட்டன் மேலே வந்தது. ஓடிபி பிள்ளைகள் போனுக்குப் போகும் தொல்லையும் ஒழிந்தது. முடித்துவிட்டுக் கீழே வராந்தாவுக்குப் போவார். நான் அந்த நேரத்தில் கீழே இறங்காமல் இருக்கப் பழகினேன். எனக்கு அது பெரிய தவம். ஆனாலும் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

ஒரு நாள் பகலில் வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு ஒருவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். அந்த அக்கா பெயரைச் சொல்லி, அவங்க வீட்டுக்காரருங்க என்றார். தெரிந்துவிட்டது, சண்டைக்கு வந்திருக்கிறார், இனி அக்கா கதி என்ன என்று மனசு எங்கெங்கோ ஓடியது. உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எங்க அண்ணன் கேக்கறாருங்க. எல்லாருக்கும் போன்லயே வந்துடுச்சி, ஊர்ல ஒருத்தரும் போகல, இவ மட்டும் எதுக்கு மாசாமாசம் போறான்னு."

"கம்பெனி வேலைங்க. போன்ல வர்ற கஷ்டத்தயெல்லாம் அவங்கதான் வந்து சொல்லணும். அவங்களுக்குன்னு குடுத்திருக்கற பொறுப்பு." சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதே பலமாக இருந்தது.

"நான் நம்பறேங்க. அண்ணனுக்குத்தான் சொல்லணும்." துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "கம்பெனி பேர்ல லெட்டர் மாதிரி ஒண்ணு குடுத்தீங்கன்னா... சீல் வெச்சி. எழுத்து பெருசா இருந்தா நல்லது. அவரு கண்ணாடி போட மாட்டாரு."

அப்பாடா என்று டைப் அடிக்க உட்கார்ந்தேன். இரண்டு வரி அடித்திருப்பேன்.

"மழை வந்தாலும் வரணும்னு போட முடியுங்களா?"

நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடறேங்க."

"பௌர்ணமியா இருந்தாலும்னு போட்டுடுங்க. அன்னைக்கு பஸ் இல்லன்னு நிறுத்திடுவாரு." கொஞ்சம் யோசித்தார். "வேலை ஜாஸ்தி, பொழுதுக்கும் ஆகும்னும் போடுங்க. அவ சாயங்காலப் பாலுக்குன்னு அடிச்சி புடிச்சி ஓடியாறா. நான் அந்த ஒரு நாளு சென்டர்ல வேற ஆளு போடச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட பேசிக்கறேன்."

அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் அடித்தேன். அச்சாகி வந்ததும் கையெழுத்துப் போட்டு, சீலை மையில் அழுத்தி எடுத்தேன். கடிதத்தில் குத்தும்போது அவர் குரல் கேட்டது.

"கொழந்த நடக்குதுங்களா?"

சீலைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"நடக்குதுங்க."

"யார் கையையும் புடிக்காமயா?"

"புடிக்காமதாங்க. கீழ வராந்தா முழுக்க."

"வூட்ல அவகிட்ட கேக்க முடியலிங்க," என்றார். "கேட்டா எனக்குத் தெரியும்னு ஆயிடும். அப்புறம் அவ பயந்துகினு இங்க வர மாட்டா."

எழுந்து கடிதத்தை வாங்கிக்கொண்டார். மை காயவில்லை, கலைந்துவிடப் போகிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.